அறுவை சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெரியம்மா 63 வயதில் எடைக்குறைப்பு அறுவை செய்துகொள்ளத் தீர்மானித்திருப்பதாகவும், அதுவரை வீட்டுச் சமையல் உன் பொறுப்பு என்றும் எழுதியிருந்தாய். பால், தயிர், நெய்கூடச் சேர்க்காத அவருடைய தாவர உணவு இதற்குத் தாங்குமா, அறுவைக்கு முன் எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். தாவர உணவு தாங்கும். ஆனால் இப்போது இலையில் விழுகிற விதத்தில் தாங்காது. இரண்டாவது கேள்வியைத்தான் நான் மாற்றிக் கேட்கச் சொல்வேன். அறுபது கடந்தவர் அறுவைக்குத் தயாராகும்போது எத்தனை கிலோ குறைந்தது என்பதைவிட எவ்வளவு தசை மிஞ்சியது, ரத்தத்தில் சத்துகள் எவ்வளவு இருப்பு இருக்கின்றன என்பதுதான் முக்கியம். மருத்துவமனைகள் கொடுக்கிற இரண்டு வார உணவுத் தாளில் இதைச் சாதித்துவிட முடியாது. குறைந்தது மூன்று மாதம் வேண்டும்.

இந்த வயதில் எதற்கு அறுவை என்று உறவினர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யாதே, அதில் நியாயம் இருக்கிறது. அறுவையால் ஆயுள் கூடுகிறது என்பதற்கு ஆதாரமாகப் பெரிதும் காட்டப்படுவது 1987-இல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வு. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 37 முதல் 60 வயதுவரை உள்ளவர்கள். உன் பெரியம்மா வயதினருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் அமெரிக்க எடை அறுவைச் சங்கமும் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வயதுக்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. பிறந்த வருடத்தைவிட உடல் தளர்ச்சியைப் பார்க்கச் சொல்கிறது. ஆசிய உடல்வாகில் குறைந்த எடையிலேயே கொழுப்பு கூடிவிடுவதால் நமக்கான எடை வரம்பையும் அது குறைத்தே வைத்திருக்கிறது. ஆகவே 63 என்ற எண் தடையில்லை. அவர் எவ்வளவு திடமாக இருக்கிறார் என்பதே பேச்சு, அதை இந்த மூன்று மாதத்தில் நம்மால் கொஞ்சம் மாற்ற முடியும்.

அதை வீட்டிலேயே அளக்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போடு. பெரியம்மா கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். நீ பக்கத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார். தசைத் தேய்வை ஆராயும் ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுப்படி, இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் சந்தேகப்பட வேண்டும். பருமனான உடலுக்குள்ளும் தசை மெலிந்திருக்கும், வெளியே தெரியாது. அறுவைக்குப் பின் குறைகிற எடை முழுவதும் கொழுப்பு என்று எண்ணாதே, ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருக்கும். நாற்பது வயதுக்காரர் அதைத் திரும்பச் சேர்த்துவிடுவார். அறுபதுக்கு மேல் சேர்ப்பது மிகக் கடினம். எடை இறங்கியும் மாடிப்படி ஏற முடியாமல், குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறித்துக்கொண்டால் அறுவை யாருக்காக?

சரி, சமையலுக்கு வருவோம். சென்னையை மையமாகக் கொண்டு நாடு முழுவதும் நடந்த ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு, இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், புரதத்தின் பங்கு 12 சதவீத அளவுதான் என்றும் சொல்கிறது. நம் வீட்டுச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டால் இது ஏன் என்று விளங்கும். ஒரு இட்லியில் ஏறத்தாழ 2 கிராம் புரதம். ஒரு கிண்ணம் சோற்றில் 4 கிராம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பாய். கரண்டியில் வருவதில் பெரும்பகுதி தண்ணீரும் காயும்தான். காலையில் மூன்று இட்லி, மதியம் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், இரவு இரண்டு தோசை, சட்னி என்று வயிறு நிறையச் சாப்பிட்டாலும் 40 கிராமை எட்டுவது சிரமம். எடை அறுவை செய்துகொள்கிறவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம், பலருக்கு 80 வரை என்பது வழக்கமான அளவு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்த அளவை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். கிரியாட்டினின் பார்க்காமல் தொடங்காதே. இந்த இடைவெளியை அடைக்கச் சோற்றை நடுவிலிருந்து நகர்த்திவிட்டுப் பருப்பை அங்கே வைக்க வேண்டும். 50 கிராம் பாசிப்பயறு அரைத்துச் சுட்ட அடையில் 12 கிராம், கூடவே சர்க்கரை சேர்க்காத சோயா பால் ஒரு தம்ளரில் 7 கிராம், மதியம் 30 கிராம் மீல்மேக்கரில் 15, கெட்டியான பருப்புக் கூட்டில் 9, மாலையில் ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டலில் 8, இரவில் 100 கிராம் டோஃபுவில் 12 என்று கூட்டிப் பார். 60-ஐத் தாண்டிவிட்டாய், சோறு ஒரு கரண்டியாகத் தொடுகறி இடத்துக்குப் போய்விட்டது. ரத்தச் சர்க்கரையும் கூடவே இறங்கத் தொடங்கும்.

தாவரப் புரதம் இரண்டாந்தரம், முட்டையாவது கொடுத்தால்தான் தேறுவார் என்று யாராவது சொல்வார்கள். முட்டையால் வேலை எளிதாகும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர் வேண்டாம் என்று விலக்கி வைத்ததை அறுவையைக் காட்டித் திணிக்க வேண்டிய அவசியமில்லை. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு; இரண்டும் ஒரே நாளில் உள்ளே போனால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். சோயாவோ தனியாகவே நிறைவானது. பிரேசிலில் 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில் தாவர உணவு மட்டும் உண்ணும் 19 இளைஞர்களையும் எல்லாம் உண்ணும் 19 இளைஞர்களையும் ஒரே அளவு புரதம் கொடுத்து 12 வாரம் எடைப் பயிற்சி செய்ய வைத்தார்கள். இரு தரப்பிலும் தசை ஒரே மாதிரிதான் வளர்ந்தது. அவர்கள் இளைஞர்கள் என்பதை மறக்காதே. வயதான தசை கொஞ்சம் புரதத்துக்கு அசைந்து கொடுக்காது, ஒரு வேளைக்கு 20, 25 கிராமாவது ஒன்றாக வந்தால்தான் விழித்துக்கொள்ளும். அதனால் மதியத்துக்கு மட்டும் அள்ளிக் கொடுத்துவிட்டுக் காலையில் இட்லியோடு நிறுத்திவிடாதே. அந்த ஆய்வில் தசை வளர்ந்ததற்குப் பயிற்சியும் காரணம். பெரியம்மாவுக்கு அதே நாற்காலிதான் பயிற்சிக் கருவி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுந்து உட்காரட்டும், ரப்பர் பட்டையை இழுக்கட்டும். நடை நல்லது, ஆனால் தொடைத் தசையை வளர்க்க நடை மட்டும் போதாது.

தாவர உணவுக்கு எதிராகப் புரதத்தைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை அதிகம் பேர் சொல்வதில்லை: அளவு. ஸ்லீவ் எனப்படும் எடைக்குறைப்பு அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது குறுகலான ஒரு குழாய், தொடக்கத்தில் அரைத் தம்ளருக்கு மேல் கொள்ளாது. 20 கிராம் புரதத்துக்கு ஏறத்தாழ 90 கிராம் பருப்பு வேண்டும். அது வெந்தால் ஒரு பெரிய கிண்ணம் நிறைந்துவிடும். எவ்வளவு நல்ல பருப்பானாலும் அந்தக் குழாய்க்குள் இறங்காது. ஆகவே முதல் சில மாதங்களுக்குப் பட்டாணி அல்லது சோயாவிலிருந்து எடுத்த புரதப் பவுடர் தவிர்க்க முடியாதது. அதன் வாடை பலருக்குப் பிடிப்பதில்லை. அறுவைக்குப் பின் குமட்டலோடு அதைப் புதிதாக அறிமுகப்படுத்தினால் வாயை மூடிக்கொள்வார். இப்போதே இஞ்சி, ஏலக்காய் என்று எது ஒத்துவருகிறதோ கண்டுபிடித்துவிடு. தைராய்டு மாத்திரை போடுகிறவரானால் சோயாவை அதிலிருந்து சில மணி நேரம் தள்ளிக் கொடு. இன்னொன்று, பருப்புத் தண்ணீர். நோயாளிக்குத் தெம்பு என்று நாம் வடித்துக் கொடுக்கும் அந்தத் தெளிவில் உப்பும் மணமும் உண்டு, புரதம் மிகக் குறைவு. சத்து அடியில் தங்கும் பருப்பில்தான் இருக்கிறது. குழைய வேகவைத்து மிக்ஸியில் அடித்து வடிகட்டிய பருப்பைக் கொடு. கஞ்சி, இளநீர், பழச்சாறு மூன்றையும் புரதக் கணக்கில் சேர்க்காதே.

எலும்பைப் பற்றி நான் கவலையோடு எழுதுகிறேன். இங்கிலாந்தின் எபிக்-ஆக்ஸ்போர்டு ஆய்வு 2020-இல் வெளியிட்ட முடிவில், விலங்குப் பொருள் எதுவும் உண்ணாதவர்களுக்கு எலும்பு முறிவு மொத்தத்தில் 43 சதவீதம் அதிகம். இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் மேல். கால்சியம், புரதம், உடல் எடை வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்தபோது வித்தியாசம் குறைந்தது, முழுவதும் மறையவில்லை. எடை அறுவையும் தன் பங்குக்கு எலும்பைக் கரைக்கும். இரண்டும் ஒரே உடலில் சேர்கிறபோது கேழ்வரகை மட்டும் நம்பி இருக்க முடியாது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அறுவைக்குப் பின் தேவை 1,200 முதல் 1,500, சாப்பிடக்கூடியதோ நாலு வாய். மாத்திரைதான் வழி. இரைப்பை அமிலம் குறைந்தாலும் உறிஞ்சப்படும் கால்சியம் சிட்ரேட் இவருக்குப் பொருத்தம். இரும்பு மாத்திரையும் அதுவும் ஒன்றையொன்று தடுக்கும்; இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. பி12 தாவர உணவில் நம்பும்படி எதிலும் இல்லை. அதை உடல் ஏற்க உதவும் பொருள் இரைப்பையில்தான் சுரக்கிறது, அந்த இரைப்பையைத்தான் வெட்டப்போகிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போட்டிருந்தால் ஏற்கெனவே குறைந்திருக்கும். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று திருப்திப்படாதே: கீரை நிறைய உண்பவருக்கு ஃபோலேட் ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்பு உள்ளுக்குள் பழுதாகிக்கொண்டிருக்கும். பி12, இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி, ஃபோலேட் நான்கையும் முதல் வாரமே பார்க்கச் சொல். குறை இருந்தால் நிரப்ப எடுக்கும் காலம்தான் நான் மூன்று மாதம் கேட்பதற்கு முக்கியக் காரணம்.

கடைசி இரண்டு வாரக் கடும் பத்தியத்தையும் விட்டுவிட முடியாது. ஈரலின் இடப்பகுதி இரைப்பையின் மேல் படிந்திருக்கிறது. கொழுப்பேறிய ஈரல் கனத்து, லேப்ராஸ்கோப்பில் தூக்கிப் பிடிக்க முடியாமல் மருத்துவரின் பார்வையை மறைக்கும். ஆஸ்திரேலியாவில் 2006-இல் வெளியான ஆய்வில் 12 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். ஈரல் சுருங்கியதில் 80 சதவீதம் முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிட்டது. எனவே அந்தப் பத்தியம் இரண்டு வாரம் போதும், அதை முன்கூட்டியே தொடங்கிப் பெரியம்மாவைப் பட்டினி போடாதே. அந்த நாட்களிலும் புரதம் குறையக்கூடாது. இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர், அளவைக் குறைக்காமல் பத்தியத்தில் இறங்கினால் சர்க்கரை சரிந்து மயங்குவார். டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் பட்டினியோடு சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும். அவற்றை அறுவைக்குச் சில நாள் முன்பே நிறுத்துவார்கள். இவற்றில் எதையும் நீயாகச் செய்யாதே, பத்தியம் தொடங்குமுன் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டு.

பி1 பற்றியும் ஒரு வார்த்தை. அறுவைக்குப் பின் வாந்தி நீடித்தால் முதலில் தீர்வது இதுதான். உடலில் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கிடையாது, தீர்ந்தால் மூளையைப் பாதிக்கும். மலாயாவில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பி1 குறைவால் வரும் பெரிபெரியால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் இரண்டு அரிசியையும் ஒப்பிட்டு 1907-இல் எழுதியது மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. அந்த ஒரு கரண்டிச் சோறு புழுங்கலாகவே இருக்கட்டும். வாந்தி நிற்காவிட்டால் சோற்றை நம்பாதே. ஊசி போடச் சொல்லிக் கேள்.

இவ்வளவு கட்டுப்பாடு முடியுமென்றால் அறுவையே எதற்கு என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் கடும் பத்தியத்தில் எடை இறக்க வைத்து, ஓராண்டுக்குப் பின்னும் பரிசோதித்தார்கள். 2011-இல் வெளியான முடிவு அது. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அப்போதும் தணியாமல் இருந்தன. பத்தியத்தால் இறங்கிய எடையை உடல் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, மனத்திட்பக் குறைவு என்று அதைத் திட்டுவது அநியாயம். ஸ்லீவ் அறுவை பசி ஹார்மோன் அதிகம் சுரக்கும் இடத்தையே எடுத்துவிடுகிறது. மூன்று மாதம் தாங்கும் ஒழுங்கு பத்து வருடம் தாங்க அந்த உதவி தேவைப்படலாம். ஒருவேளை இந்த மூன்று மாதத்தில் சர்க்கரையும் மூட்டுவலியும் தணிந்து, அறுவை வேண்டாம் என்று பெரியம்மாவே சொன்னால் அதையும் மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். தயாரிப்பில் எதுவும் வீணாகியிருக்காது.

தேதி குறித்தாகிவிட்டதே என்று நெருக்குவார்கள். இது அவசர அறுவை இல்லை, பெரும்பாலும் தள்ளிவைக்கலாம். அறுவைக்குப் பத்து நாள் முன்பு நாற்காலியை மறுபடி சுவரோரம் போடு. ஐந்து முறை எழ முதலில் ஆனதைவிட நேரம் கூடியிருந்தாலோ, பி12-உம் ஃபெரிட்டினும் ஏறாமல் இருந்தாலோ பரிசோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு பெரியம்மாவோடு மருத்துவரிடம் போ. இன்னும் ஆறு வாரம் கொடுங்கள் என்று கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்