பெயரா, எண்ணா?

கேள்வி: ராமேஸ்வரத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். படகில் அம்மாவின் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. பதிவு எண்ணும் அவசியமா?

பதில்: கட்டாயம் வேண்டும், ஐயா. அம்மா பெயர் இருக்கட்டும். ஆனால் கடலில் உங்கள் படகுக்கு அடையாளம் பதிவு எண்தான். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவான படகு தன் பதிவுக் குறியைத் தாங்கியிருக்க வேண்டும். ‘ஐஎன்டி - டிஎன் - 10 - எம்எம்’ என்று தொடங்கும் எண்ணில் முதலில் நாடு, அடுத்து மாநிலம். ‘எம்எம்’ என்பது விசைப்படகு.

உப்புக்காற்றில் பெயிண்ட் உரிந்து 3 என்பது 8 போலத் தெரிந்தாலும் சிக்கல்தான். எனவே அணியத்தின் இருபுறமும் பளிச்செனத் தெரியும்படி எழுதுங்கள். ஆபத்தில் தேடி வருபவர்கள் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.