உங்கள் இணையப் பக்கத்தைக் காதால் படியுங்கள்

சொந்தமாக இணையப் பக்கம் உருவாக்கிவிட்டீர்களா? பார்வையற்ற ஒருவரால் அதைப் படிக்க முடியுமா என்று நீங்களே சோதித்துவிடலாம்.

திரையில் உள்ள எழுத்துகளை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். விண்டோஸுக்கான என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. 2006-ல் இதைத் தொடங்கிய ஆஸ்திரேலியரான மைக்கேல் கர்ரனும் பார்வையற்றவர்தான். இதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும். (கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும்; பழகிவிடும்.)

தமிழ்க் குரலைத் தேர்வு செய்து, மானிட்டரை அணைத்துவிட்டு, கீழ் அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டே வாருங்கள். வேலைவாய்ப்பு அறிவிப்பை ஸ்கேன் செய்து படமாகப் போட்டிருந்தால் கடைசித் தேதி காதில் விழாது. அவரைப் பொறுத்தவரை அந்த வேலையே இல்லை! படத்திற்கான டேக்கில் 'ஆல்ட்' என்ற இடத்தில் சுருக்கமான விளக்கம் தரலாம். ஆனால் முழு அறிவிப்பையும் எழுத்தாகவே தட்டச்சு செய்வதுதான் சரி என்பேன். அலங்காரப் படத்திற்கு ஆல்ட்டை வெறுமையாக விடுங்கள். ஸ்கிரீன் ரீடர் தாண்டிச் சென்றுவிடும்.

நம் பழைய தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். கண்ணுக்குத் தமிழ், காதுக்கு உளறல். அப்படிப்பட்ட பக்கத்தை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஆல்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.