குழந்தைப் பாதுகாப்பும் ஊராரின் மேற்பார்வையும்

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகளில் ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகள் பொழுது புலருமுன்பே புறப்பட்டுவிடுவதை நம் தேனி மாவட்டத்து மக்கள் அறிவார்கள். அவற்றில் செல்லும் தாய்மார்களின் குழந்தைகள் பகல் முழுவதும் பாட்டியின் பொறுப்பிலோ அண்டை வீட்டாரின் தயவிலோ இருக்கின்றனர். பெரும்பாலோர் நலமாகவே வளர்கின்றனர். ஆனால் ஒரு வீட்டில் தந்தை இறந்து தாயும் நோயுற்றாலோ, பதினாறு வயதுப் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டாலோ, அரசின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு தலையிட வேண்டியதாகிறது. அவ்வமைப்பு தன் கடமையைச் சரிவரச் செய்கிறதா என்று பார்ப்பவர் யார் என்பதே இங்கு நாம் ஆராயும் விஷயமாகும்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவர் ஒருவரும் அங்கத்தினர் நால்வரும் கொண்ட இக்குழுவிற்கு மாஜிஸ்டிரேட்டின் அதிகாரம் உண்டு. மாதத்தில் குறைந்தது இருபது நாட்கள் இது கூட வேண்டும். குழந்தைகள் இல்லங்களை மாதம் இரு முறையாவது பார்வையிடவும் வேண்டும். இதன் வேலையைக் கலெக்டர் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை பரிசீலிக்கிறார். இவ்வளவு ஏற்பாடுகள் இருக்கையில் ஊரார் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும்.

பீகாரில் முசாபர்பூர் நகரத்துச் சிறுமியர் இல்லத்தில் நடந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அந்த இல்லமும் அரசின் மேற்பார்வையில் இருந்ததே. ஆயினும் அங்குச் சிறுமியர் பட்ட கொடுமை 2018ஆம் ஆண்டில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தார் நடத்திய சமூகத் தணிக்கையின் மூலமே வெளிவந்தது. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களுள் ஒருவர் அம்மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் தலைவராக இருந்தவர்! காவலுக்கு வைத்தவரையும் கவனிக்க வேறொரு கண் தேவைப்படுகிறது.

நம் ஊர்களில் அந்தக் கண்ணாக இருக்க வேண்டியது கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு. ஊராட்சித் தலைவரைத் தலைவராகவும், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர் முதலியோரை அங்கத்தினராகவும் கொண்டது இது. இரு குழந்தைகளுக்கும் இதில் இடமுண்டு. கூட்டம் நடவாமலே கையெழுத்துக்காகப் பதிவேடு வீடு வீடாகச் செல்லும் வழக்கம் சில ஊர்களில் இருப்பதை நாம் அறிவோம். அத்தகைய குழு இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை எளியவை. 1098 என்ற தொலைபேசி எண்ணுக்கு நம் ஊரிலிருந்து சென்ற தகவலின்மேல் யாராவது வந்து பார்த்தார்களா? எத்தனை நாள் கழித்து வந்தார்கள்? திருமணம் நிறுத்தப்பட்ட பெண் பள்ளிக்குத் திரும்பினாளா, அல்லது ஆறு மாதத்தில் வேறு ஊரில் மணம் முடிந்துவிட்டதா? திருமணம் நின்ற அன்றோடு கோப்பை மூடிவிடும் பழக்கம் பெருந்தீங்கு விளைவிப்பது. ஆதலால் இந்தக் கடைசிக் கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலும் மறவாது கேட்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மேற்பார்வை என்பது குழந்தையின் கதையைச் சபையில் அலசுவதன்று. பெயர், பள்ளி, முகவரி ஆகியவற்றை வெளியிடுவது சட்டப்படி குற்றமாகும். சிற்றூரில் தெருவின் பெயரைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் எண்ணிக்கையும் காலதாமதமும் மட்டும் பேசப்படட்டும்.

‘அதிகாரிகள் பிள்ளையைப் பிடித்துச் சென்றுவிடுவார்கள்’ என்ற அச்சத்தால் தகவல் சொல்லத் தயங்குவோர் பலர். குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கொள்கை. தந்தையை இழந்த ஏழைக் குழந்தை தாயிடமே வளர, தகுதியுடைய குடும்பத்திற்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கும் நிதி ஆதரவுத் திட்டமும் இருக்கிறது. கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படாதிருக்க வேண்டும். வறுமை ஒன்றே காரணமாக ஒரு குழந்தை இல்லத்திற்கு அனுப்பப்பட்டால், இத்திட்டம் முதலில் பரிசீலிக்கப்பட்டதா என்று குழு எழுத்து மூலம் கேட்கலாம்.

நலக்குழுவின் செயலில் குறையிருப்பின் குழந்தையோ, குழந்தையைச் சார்ந்த எவருமோ கலெக்டரிடம் முறையிடலாம். மனுவில் தேதியும், யாரிடம் எப்பொழுது தகவல் தரப்பட்டது என்ற விவரமும் இருத்தல் வேண்டும். குழந்தையின் பெயர் கண்ட தாளைத் தனி உறையில் ஒட்டி அனுப்புவது நன்று.