வேகமாகச் சுற்றும் நட்சத்திரத்துக்கு எந்த எழுத்து?

ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வரிசை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நிறமாலையில் எந்தக் கோடு எவ்வளவு அழுத்தமா விழுதுன்னு பார்த்து ஒரு நட்சத்திரத்துக்கு எழுத்து கொடுக்கிறாங்க. அந்த எழுத்து முக்கியமா மேற்பரப்பு வெப்பநிலையைச் சொல்லும். ஆனா நட்சத்திரம் வேகமாகச் சுற்றினா? ரெண்டு விஷயம் நடக்கும்.

முதலாவது, கோடு அகலமாகும். ஒரு பக்கம் நம்மை நோக்கி வருது, அதன் ஒளி நீலப் பக்கம் நகரும். மறுபக்கம் விலகுது, சிவப்புப் பக்கம் நகரும். ரெண்டும் கலந்து கோடு பரந்து, ஆழம் குறையும். மெல்லிய கோடுகள் பக்கத்துக் கோடுகளோட கரைஞ்சு போகும். ஆல்டேர், அதாவது நம்ம பஞ்சாங்கத்துத் திருவோணம், நொடிக்கு சுமார் 240 கி.மீ. வேகம் காட்டுது. சூரியனோ வெறும் 2 கி.மீ. தான். அதனாலதான் ஆல்டேரின் வகையை ஏ7 என்று எழுதி, அகலக் கோடுகளுக்கு அடையாளமா கடைசியில் ஒரு சின்ன 'என்' சேர்க்கிறாங்க.

ரெண்டாவது, நட்சத்திரத்தின் இடுப்பு பிதுங்கும். அங்கே ஈர்ப்பு குறைவு, அதனால வெப்பமும் குறைவு. வான் ஸைபெல் 1924இல் சொன்ன இந்த விஷயத்தை, 2007இல் சாரா தொலைநோக்கிகள் எடுத்த ஆல்டேர் படத்திலேயே பார்க்க முடிஞ்சது.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேகா. ஏ0 வகைக்கும் ஒளி அளவுக்கும் பல காலமா அதுதான் அளவுகோல். கோடுகள் ஒடுக்கமா, நொடிக்கு 20 கி.மீ. வேகம்தான் காட்டின. ஆனா மெல்லிய கோடுகளின் அடிப்பகுதி தட்டையா இருந்தது சந்தேகத்தைக் கிளப்பியது. 2006இல் வெளியான அளவீடுகள் விடை சொன்னது: வேகாவின் துருவம் கிட்டத்தட்ட நம்மைப் பார்த்திருக்கு. நிஜ வேகம் சுமார் 200 கி.மீ. அல்லது அதுக்கும் மேல. துருவத்தைவிட இடுப்பு ஆயிரம் டிகிரிக்கும் மேல் குளிர்ச்சி. பக்கவாட்டில் இருந்து பார்க்கிறவருக்கு அதே வேகா மங்கலா, குளிர்ச்சியா, அகலக் கோடுகளோட தெரியும்.

ஒரே வெப்பநிலைன்னு வச்சுக் கணக்குப் போட்டா, நிறை, வயசு எல்லாமே தப்பாகும். அதனால அட்டவணையில் 'வி சைன் ஐ' பார்த்தா, அதைக் குறைந்தபட்ச வேகம்னு மட்டும் படிங்க.

வீட்டுப்பாடம்: 240ஐ ஒளிவேகம் 3,00,000ஆல் வகுத்து, மக்னீசியத்தின் 448.1 நானோமீட்டர் கோட்டோட பெருக்குங்க. ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.36 நானோமீட்டர் பரவுதா?