பிடியரிசியும் சீட்டுக் காசும்

"சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்பது நம் முன்னோர் மொழி. சிக்கனத்தைப் பற்றி எழுதுபவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் சேமிப்புக்காக நட்பையும் உறவையும் எவ்வளவு தூரம் தள்ளி வைக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கடந்த ஒரு வருடத்தில் இந்தக் கேள்விக்கு முதலில் பிழையான விடையையும், பிறகு ஓரளவு சரியான விடையையும் கண்டேன். இரண்டையும் தோழிகளுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

என் இலக்கு

நான் உயர்தர வணிகப் பிரிவு மாணவி. என் வாப்பா மோட்டார் சைக்கிளில் துணி மூட்டை கட்டிச் சென்று விற்பவர். காத்தான்குடியிலிருந்து புறப்பட்டுக் குருக்கள்மடம் வரை போய், அங்கே 'பாதை' ஏறி வாவியைக் கடந்து அம்பிலாந்துறைக்குப் போவார். ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்குக் கொண்டு செல்லும் படகைத்தான் நாம் பாதை என்கிறோம். படுவான்கரையில் அவருடைய வியாபாரத்தில் பாதி கடன்தான். வேளாண்மை வெட்டினால்தான் காசு கைக்கு வரும்.

அப்படிப்பட்ட வீட்டில் மடிக்கணினி வாங்கித் தாருங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. பரீட்சை முடிந்ததும் கணினிக் கற்கை ஒன்றைத் தொடர வேண்டும் என்பது என் ஆசை. பாவித்த மடிக்கணினி ஒன்றுக்கு 60,000 ரூபா சொன்னார்கள். பின்னேரங்களில் அயல் வீட்டுப் பிள்ளைகள் நால்வருக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு மாதம் 3,000 ரூபா கிடைக்கும். ஒரு சதமும் செலவழிக்காவிட்டால் 20 மாதங்களில் இலக்கை அடையலாம் என்று கணக்குப் போட்டு, ஒரு கொப்பியும் வைத்துக்கொண்டேன்.

நான் விட்ட பிழை

கொப்பியில் இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்று 'சேமிப்பு', மற்றது 'வீண்'. கென்டீன் தேநீர், தோழியின் பிறந்தநாளுக்கு எல்லோரும் சேர்ந்து வாங்கும் பரிசு, பெருநாளுக்கு ஒரே நிறத்தில் எடுக்கும் உடுப்பு எல்லாமே 'வீண்' நிரலுக்குள் போயின. வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் நின்று கதைத்தால் யாராவது பலூடா குடிக்கக் கூப்பிடுவார்கள் என்ற பயத்தில் முதல் ஆளாக பஸ் ஏறிவிடுவேன். ஆறு மாதங்களில் 18,000 ரூபா சேர்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மட்டக்களப்பு நகரில் நான் போகும் பொருளியல் வகுப்பில் குருக்கள்மடத்தைச் சேர்ந்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அக்காவின் கலியாணத்துக்கு என்னையும் அழைத்தாள். பஸ் காசும் பரிசுமாக 1,500 ரூபா தேவைப்படும், அரை மாதச் சேமிப்பு போய்விடும் என்று எண்ணி, காய்ச்சல் என்று பொய் சொல்லி நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வருவது நின்றது. வகுப்பை மாற்றியிருப்பாள் என்று நினைத்தேன். இரண்டு மாதங்கள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. வாவியில் மீன் பிடிக்கும் அவளுடைய அப்பா நோயில் படுத்துவிட்டார். வகுப்புக் கட்டணம் நிலுவையாக இருந்ததால் அவள் வெட்கத்தில் வரவில்லை. மற்றத் தோழிகளுக்கு இது முன்பே தெரியும். அவர்கள் அந்தப் பத்து நிமிடங்களில் பேசிக்கொண்டவை இப்படியான விடயங்கள்தான். நான் மட்டும் அங்கே இருக்கவில்லை.

சேமிப்புக்கும் அமையச் செலவு உண்டு

பொருளியலில் நாம் முதலில் படிப்பது அமையச் செலவு. ஒன்றைத் தெரிவு செய்யும்போது நாம் கைவிடும் அடுத்த சிறந்த மாற்றுத்தான் அந்தத் தெரிவின் அமையச் செலவு. ஐஸ்கிரீமுக்குக் கொடுத்த 300 ரூபாவின் அமையச் செலவு ஒரு புத்தகமாக இருக்கலாம். இந்தக் கணக்கை நான் செலவுக்கு மட்டுமே போட்டேன். சேமித்த 1,500 ரூபாவுக்கும் ஓர் அமையச் செலவு இருந்தது. அது ஒரு கலியாண வீட்டில் தோழியின் பக்கத்தில் நிற்கும் சந்தர்ப்பம். அந்தச் செலவை என் கொப்பி காட்டவில்லை.

அவளைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொன்னபோது உம்மம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். 1990 ஜூலையில் அந்த வழியால் பயணம் வந்த எங்கள் மக்களில் பலர் வீடு திரும்பவில்லை. அவருடைய தலைமுறைக்குக் குருக்கள்மடம் என்ற பெயர் இன்றும் வலிக்கும். பிறகு அவரே எழுந்து பலகாரம் கட்டித் தந்து, "வெறுங்கையோட போகாத மகள்" என்றார். உம்மாவும் என்னோடு வந்தார்.

தோழியின் அம்மா, "கலியாணத்துக்குத்தான் வரல்ல, இப்பவாவது வந்தீங்களே மகள்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சல் என்று சொன்னது பொய் என்பதைத் தோழியிடம் ஒப்புக்கொண்டேன். "எனக்கு அன்றைக்கே தெரியும். நீ காய்ச்சலோடும் வகுப்புக்கு வாறவள்தானே" என்று சிரித்தாள். அன்றைய பஸ் காசை எந்த நிரலில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. 'வீண்' என்ற சொல்லை அன்றிரவு வெட்டினேன்.

சேர்ந்து சேமித்தல்

அடுத்த வாரம் தோழிகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சீட்டுத் தொடங்கினோம். ஆளுக்கு மாதம் 500 ரூபா; ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 5,000 ரூபா. முதல் சீட்டைக் குலுக்காமல் குருக்கள்மடத் தோழிக்குக் கொடுப்பது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். நிலுவையைக் கட்டிவிட்டு அவள் மீண்டும் வகுப்புக்கு வந்தாள். இது தர்மக் காசு அல்ல. அவளும் மற்றவர்களைப் போல் மாதம் 500 கட்டுகிறாள். ஆகையால் அவளுக்குத் தலை குனிய வேண்டியிருக்கவில்லை. எனக்குக் கடைசிச் சீட்டு விழுந்தது. பத்து மாதமும் கட்டிய காசு அப்படியே ஒரே தொகையாக வரும், அதுவும் சேமிப்புத்தான்.

சீட்டு நம் பெண்களின் பழைய வங்கி. இதை ஒழுங்குபடுத்த நம் நாட்டில் 1935ஆம் ஆண்டிலேயே சீட்டுக்கள் பற்றிய கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. அந்த அளவுக்கு அது பரவியிருந்தது, ஏமாற்றும் இருந்தது. ஏலம் கூறிக் கழித்து எடுக்கும் சீட்டில் அவசரக்காரர் நட்டப்படுவார். குலுக்கிப் போடும் சீட்டில் அந்த நட்டம் இல்லை. ஆனாலும் நன்றாகத் தெரிந்தவர்களுடன், கடைசி மாதம் வரை கட்டக்கூடிய சிறு தொகைக்கு மட்டுமே சேர வேண்டும். சீட்டு உடைந்தால் காசோடு நட்பும் உடையும்.

இலக்கும் காசு இருக்கும் இடமும்

இலக்கோடு சேமிப்பதற்கு மலேசியா நல்ல உதாரணம். அங்கே கிராமத்து முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்குப் போவதற்காகக் காணியையும் மாட்டையும் விற்றுவிட்டு, திரும்பி வந்து வறுமையில் விழுந்தார்கள். இதைக் கண்ட பொருளியலாளர் உங்கு அஸீஸ் 1959இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதன் வழியாக 1963இல் ஹஜ் சேமிப்பு நிதியம் இயங்கத் தொடங்கியது. அதுவே இன்று தாபுங் ஹாஜி என அழைக்கப்படுகிறது. சிறுகச் சேமித்தவர்கள் குடும்பத்தை வருத்தாமல் கடமையை நிறைவேற்ற அது வழி செய்தது.

காசை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. அதாவது ஒரு வருடத்துக்கு முன் 10,000 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களை வாங்க அப்போது ஏறத்தாழ 17,000 ரூபா தேவைப்பட்டது. உண்டியலில் கிடந்த காசு எண்ணிக்கையில் குறையவில்லை, பெறுமதியில் கரைந்துவிட்டது. ஆகவே சில மாதத் தேவைக்கு உண்டியல் போதும். நீண்ட இலக்குக்குப் பெற்றோரின் துணையோடு வங்கிக் கணக்கு நல்லது. 1885இல் தொடங்கிய தபாலகச் சேமிப்பு வங்கி, 1972இல் இயங்கத் தொடங்கிய தேசிய சேமிப்பு வங்கியோடு இணைந்தது. சாதாரண மக்கள் சிறு தொகை வைப்பதற்கென்றே இவை உருவாகின. வட்டியைத் தவிர்ப்போருக்கு 2011இலிருந்து அமானா வங்கி உண்டு.

நான் இப்போது செய்வது

மாதம் கிடைக்கும் 3,000 ரூபாவை வந்த அன்றே பிரித்துவிடுகிறேன்.

1. மடிக்கணினிக்கு 2,000 ரூபா. இதைத் தொடுவதில்லை.

2. சீட்டுக்கு 500 ரூபா.

3. மனிதர்களுக்கு 500 ரூபா. தேநீர், பரிசு, நோய் பார்க்கப் போகும் பஸ் காசு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மீந்தால் அடுத்த மாதத்துக்கு வைப்பேன். முடிந்துவிட்டால், "இந்த மாதம் என்னிடம் இல்லை" என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். பொய் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கிய பிறகு, "எனக்கும் இல்லை" என்று சொன்ன தோழிகள் எத்தனையோ பேர்! இப்போது பலூடாக் கடைக்குப் பதிலாக ஒருவர் வீட்டில் கூடி, ஆளுக்கொன்றாகச் செய்து கொண்டுபோய்ச் சாப்பிடுகிறோம்.

கணக்குப் பார்த்தேன். பழைய முறையில் இன்னும் 14 மாதங்களில் மடிக்கணினி வந்திருக்கும். சீட்டுக் காசும் சேர, இப்போது 17 மாதங்கள் ஆகும். மூன்று மாதத் தாமதம்தான் நான் கொடுக்கும் விலை. அந்த விலை எனக்குச் சம்மதம்.

வீண்விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுவழியை அல்குர்ஆன் ஸூரத்துல் புர்கானில் நமக்குக் காட்டுகிறது. வருவாய் சிறிதானாலும் செலவு அகலாவிட்டால் கேடில்லை என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் கூறுகிறார். அதே அதிகாரத்தில் அளவறிந்து கொடுக்கவும் சொல்கிறார். கொடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "காசைச் சேர்" என்று மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள். யாருக்காக, எதற்காகச் செலவழிக்கலாம் என்பதையும் எங்களோடு இருந்து பேசுங்கள்.

உம்மம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து முட்டிக்குள் போடுவார். மாத முடிவில் அதில் பாதி மத்ரஸாவுக்குப் போகும்; மறுபாதி வீட்டின் நெருக்கடி நாளுக்கு. சேமிப்பும் உறவும் அந்த ஒரே முட்டிக்குள் இருந்திருக்கின்றன. தினமும் அதைப் பார்த்து வளர்ந்தும், அதை விளங்கிக்கொள்ள நான் குருக்கள்மடம் வரை போய் வர வேண்டியிருந்தது.