ஆதிமூலம் பாணியில் பாட்டியின் முகம்

இலங்கையின் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்த பாட்டியின் முகத்தைக் கணினியில் கோட்டோவியமாக்க விரும்புவோருக்கு ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) நல்ல ஆசான். காந்தியைக் கறுப்புக் கோடுகளிலேயே உயிர்ப்பித்தவர் அவர். அவருடைய ஒரே படத்தை நகலெடுக்காமல், பலவற்றைப் பார்த்து, கோடு எங்கே தடிக்கிறது, எங்கே அறுபடுகிறது என்று குறித்துக்கொள்வது நல்லது.

புகைப்படத்துக்குப் பாட்டியின் சம்மதம் முதலில். லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாசலில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் சுருக்கங்கள் தெளிவாக விழும்.

வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும். படத்தை அடியடுக்கில் மங்கலாக்கிப் பூட்டிவிட்டு, மேலடுக்கில் பேனா கருவியால் வரையலாம். படத்தைத் தானாகவே கோடாக்கும் வசதியைத் தொடாதிருப்பதே மேல். அது நிழலையும் சுருக்கத்தையும் ஒன்றாகக் குழப்பிவிடும். நெற்றிச் சுருக்கம் ஒன்றுக்கு மூன்று புள்ளிகளே தாராளம். புள்ளி கூடினால் கோடு நடுங்கும். அதிகமானவற்றைக் குறைக்க, கோட்டைத் தேர்ந்து கண்ட்ரோலும் எல்லும் அழுத்தினால் போதும்.

கண், மூக்குத்தி, தலையில் கூடைக் கயிறு பதியும் இடம்: உழைப்பைச் சொல்பவை இவைதான். இங்கே பொறுமையாக நிற்க வேண்டும். கன்னத்தை வெறுமையாகவே விடலாம்.

அச்சகத்துக்குக் கொடுக்குமுன் படத்தில் எழுதிய தமிழ்ப் பெயரை ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கட்டளையால் வடிவமாக்காவிட்டால், அங்கே அந்த எழுத்துரு இல்லாதபோது கொம்பும் காலும் இடம் மாறக்கூடும். எஸ்விஜி மூலக்கோப்பை வைத்துக்கொண்டு பிடிஎஃப் பிரதியைக் கொடுக்கலாம். பதாகை அளவுக்குப் பெரிதாக்கினாலும் கோடு சிதறாது.