காண்டாக்ட் சிமுலேஷனில் திண்பொருள்: தொடக்கநிலையினருக்கு முழுமையான வழிகாட்டி

எஃகுத் தகட்டைக் கிண்ணமாக இழுக்கும் டீப் டிராயிங்கை எடுத்துக்கொள்வோம். 1 மி.மீ. தகடு, கீழே டை, மேலே பஞ்ச், ஓரத்தை அமுக்கிப் பிடிக்க பிளாங்க் ஹோல்டர். நமக்குத் தெரிய வேண்டியது தகடு என்ன ஆகிறது என்பதுதான். மற்ற மூன்றையும் திண்பொருளாக்கினால், அதாவது உருமாறாத ரிஜிட் பாடியாக எடுத்துக்கொண்டால், கணக்கு வெகுவாகக் குறையும்.

1. எதைத் திண்பொருள் ஆக்கலாம்?

யங் குணகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டைக்கும் தகட்டுக்கும் அது ஏறக்குறைய ஒன்றுதான்: 2,10,000 மெகாபாஸ்கல். ஆனால் மெல்லிய தகடு மீட்சி எல்லையைத் தாண்டி உருமாறுகிறது. கனத்த டை அசைந்துகொடுப்பது அற்பம். அதனால் டையைத் திண்பொருளாக்குவது இங்கே செல்லும்.

பால் பேரிங்கில் செல்லாது. அங்கே குண்டும் வளையமும் சேர்ந்தே அமுங்குகின்றன. ஹெர்ட்ஸின் சூத்திரப்படி, ஒரே எஃகாலான இரண்டில் ஒன்றைத் திண்பொருளாக்கினால் உச்ச அழுத்தம் சுமார் 59 சதவீதம் கூடுதலாக வரும். டையில் விரிசல் விழுமா என்பது கேள்வியென்றாலும் இந்த வழி வேண்டாம். திண்பொருளுக்குள் தகைவே கணக்கிடப்படுவதில்லை.

2. வடிவம்

வட்டக் கிண்ணம் என்றால் அபாகஸ் மென்பொருளில் அனலிட்டிகல் ரிஜிட் போதும்: கோடும் வில்லும் வரைந்து சுழற்றிவிடலாம், பரப்பு வழவழப்பாக இருக்கும். சிக்கலான வடிவத்துக்கு டிஸ்க்ரீட் ரிஜிட். அதில் டை ஓரத்தின் கால்வட்ட வளைவுக்குப் பத்து எலிமென்டாவது கொடுங்கள். குறைத்தால் தகடு முனைமுனையாகத் தட்டி இறங்கும். விசை வரைபடம் ரம்பப்பல்லாக வரும். கூர்முனைகளுக்குச் சிறு ஃபில்லெட் போடுங்கள்.

3. ரெஃபரன்ஸ் பாயின்ட்

திண்பொருளின் மொத்த இயக்கமும் இந்த ஒரு புள்ளியில் அடக்கம்: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. டைக்கு ஆறையும் பூட்டுங்கள். பஞ்சுக்குக் கீழ்நோக்கிய நகர்வைக் கொடுத்து மற்ற ஐந்தையும் பூட்டுங்கள். ஹோல்டருக்குச் செங்குத்து நகர்வை மட்டும் திறந்துவிட்டு விசை கொடுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த ஹோல்டரில்தான். ஸ்டாட்டிக் கணக்கில் அது தகட்டைத் தொடும் முன்பே விசை வந்தால் தடுக்க எதுவும் இல்லை. சிங்குலாரிட்டி எச்சரிக்கையோடு சால்வர் திணறும். முதல் ஸ்டெப்பில் நகர்வு கொடுத்துத் தொடவையுங்கள், அடுத்த ஸ்டெப்பில் விசைக்கு மாறுங்கள். எக்ஸ்ப்ளிசிட் கணக்கில் ஹோல்டருக்கு நிறையும் தேவை. மி.மீ., நியூட்டன், நொடி என்று ஓட்டினால் நிறை டன்னில் வரும். 5 கிலோ என்பது 0.005.

எல்எஸ்-டைனா மென்பொருளில் திண்பொருளுக்கும் யங் குணகம் கேட்கும். வளையாத பொருளுக்கு எதற்கு என்று வாய்க்கு வந்த எண்ணைப் போடாதீர்கள். காண்டாக்ட் ஸ்டிஃப்னஸ் அதிலிருந்துதான் வருகிறது.

4. காண்டாக்ட்

திண்பொருள் மாஸ்டர், தகடு ஸ்லேவ். டையின் நார்மல் தகட்டை நோக்கி இருக்க வேண்டும். திரும்பியிருந்தால் தகடு ஏற்கெனவே டைக்குள் புதைந்திருப்பதாக சால்வர் எடுத்துக்கொள்ளும். ஷெல் எலிமென்ட் என்றால் பாதித் தடிமனுக்கு இடம் விடுங்கள். மசகிட்ட தகட்டுக்கு உராய்வுக் குணகம் 0.1இல் தொடங்கலாம்.

5. சரிபார்ப்பு

வண்ணப் படத்தைப் பார்க்கும் முன் எதிர்வினை விசைகளைப் பாருங்கள். பஞ்ச் விசையும் ஹோல்டர் விசையும் சேர்ந்து டையின் எதிர்வினைக்குச் சமமாக வேண்டும். எக்ஸ்ப்ளிசிட்டில் இயக்க ஆற்றல், அக ஆற்றலில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். இவை ஒத்துவராத முடிவை யாருக்கும் அனுப்பாதீர்கள்.